ஆறு மணி நேரத்துக்குள்

மாலை ஐந்தே கால்.
துரோம்சோவில் சூரியன் எழாமல் ஐந்து வாரம்.
ஏழாம் கட்டிலில் தூர்கெய்ர்,
சாலையில் பனி வாரும் லாரிக்காரர்.
மார்பெலும்பைக் கம்பியால் கட்டி
நண்பகலில் எங்களிடம் அனுப்பினார்கள்.
காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாய்
இப்போது இதயத்தில் மாற்றுப் பாதை.

முன்பெல்லாம் விடியட்டும் என்போம்.
விடியாத ஊரில் அதற்கு
காலை ஏழு மணி என்று பொருள்,
பகல் ஷிஃப்டின் காப்பி வாசம் என்று பொருள்.
அதுவரை தூங்கவைத்திருப்போம்.
எந்திரம் மூச்சை ஊட்டும்,
நாங்கள் எண்களை எழுதுவோம்.
யாருக்கும் கெட்ட எண்ணமில்லை.
பயம்தான்.

இப்போது ஆறு மணி நேரம் என்கிறார்கள்.
மயக்க மருந்தை மூன்றரைக்கே நிறுத்திவிட்டேன்.
உடம்புச் சூடு முப்பத்தாறு புள்ளி ஆறு.
வடிகுழாயில் ரத்தம் குறைந்து
வெளுத்துக்கொண்டு வருகிறது.

என் கையைப் பிடியுங்கள் என்றேன்.
பிடித்தார்.
விடுங்கள் என்றேன்.
கொஞ்சம் யோசித்து, விட்டார்.
பிடிப்பது கைக்குழந்தைக்கும் தெரியும்.
சொன்னதும் விடுகிறவரைத்தான் நம்புவேன்.

போன மாதம் ஒருவருக்கு
எடுத்த குழாயை நாற்பது நிமிடத்தில் திரும்பப் போட்டோம்.
அவர் கண்களை எதனோடும் ஒப்பிட மாட்டேன்.
டாக்டர் சுன்னிவாவும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும்,
ரத்தவாயுச் சீட்டை இரண்டு முறை படித்தாள்.
எடுப்போமா என்றாள்.
என்னிடமா கேட்டாள், சீட்டிடமா, தெரியாது.

வாயில் தேங்கியதை உறிஞ்சினேன்.
பிளாஸ்திரி தாடியோடு வந்தது.
பலூனின் காற்றை இறக்கினேன்.
இருமுங்கள்.
இருபத்திரண்டு சென்டிமீட்டர்,
சளி மினுங்க, வளைந்தபடியே வெளியே வந்தது.

அப்புறம் ஒன்றுமில்லை.
இரண்டு நொடி.
பத்து வருடமாகச் செய்கிறேன்,
அந்த இரண்டு நொடியில் நானும் மூச்சு விடுவதில்லை.

பிறகு வந்தது,
கரகரத்து, மேடேறும் பழைய வண்டியாக.

தண்ணீர் என்பார்கள் பலர்.
சிலர் அம்மா.
இவர் கிசுகிசுத்தார்:
"க்வாலோயா ரோட்டில் யார்?"

வெளியே பனிக்காலணி கழற்றாமல் நின்ற தம்பியிடம் கேட்டு வந்தேன்.
அய்விந்த் ஓட்டுகிறானாம்.

அவனா, என்று முகம் சுளித்தார்.
அவன் தகட்டைத் தரைவரை இறக்கவே மாட்டான்.

தலையணையை மார்போடு அணைத்து இருமச் சொன்னேன்.
இருமினார்.
அய்விந்தை வைதார், வலியை வைதார், என்னையும் ஒரு வார்த்தை.
வடக்கத்திக்காரர் வசவு, அச்சில் ஏறாது.
வசவுக்கும் மூச்சு வேண்டும்.

பதினேழு ஐம்பத்திரண்டு என்று
தாளில் எழுதினேன்.
எட்டு நிமிடம் மிச்சம்.