பின்னாலிருந்து சொல்லுங்கள்

செவ்வாய் காலை பத்து மணி. சாட்ஸ்வொர்த், நூலகத்தை ஒட்டிய ஹால்.
பல்கலைக்கழகத்திலிருந்து நொக்வண்டா வருகிறாள்,
நொடிக்கு ஓர் எண் வாசிக்கிறாள்,
நாங்கள் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும்.
பதினோரு பேர். சராசரி வயது எழுபத்து நான்கு
என்பதையும் அவளே சொன்னாள், யாரும் கேட்கவில்லை.
முடிந்ததும் தேநீர், ஆளுக்கு இரண்டு டென்னிஸ் பிஸ்கட்.

என்னைச் சேர்த்துவிட்டவன் மகன், பெர்த்திலிருந்து.
கரண்ட் போன நேரம் அடுப்பைத் திருகி அணைக்க மறந்தேன்,
இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் திரும்பி வந்தபோது
அடுப்பில் பருப்பு இருந்தது, நான் மார்க்கெட்டில் இருந்தேன்.
அவ்வளவுதான் குற்றம்.

முதல் வாரம் ஐந்து இலக்கத்தில் தடுக்கி விழுந்தேன்.
சிங்காரம் பிள்ளை நான்கில்.
முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர்.
"எண்ணெல்லாம் கையில்தான் இருந்தது, தலைக்கு ஏறவேயில்லை" என்றார்.

"இரண்டிரண்டாகப் பிரியுங்கள், அம்மா.
ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு படம் வையுங்கள்."

அட, பெண்ணே.
படமா?
ஐந்து புலி. ஒன்பது நிலா. பதினான்கு கிழவி.
இருபது பூனை, இருபத்தொன்று யானை, இருபத்திரண்டு கப்பல்,
இருபத்தேழு நாய், முப்பத்தொன்று நெருப்பு,
முப்பத்து மூன்று சின்னப் பையன்.
முப்பத்தாறை இந்த ஹாலில் வைத்துச் சொல்ல முடியாது.

ஃபாஃபீ. முப்பத்தாறு எண், ஊரார் கண்ட கனவெல்லாம் அதற்குள்.
யூனிட் ஏழில் எங்கள் ரோட்டுக்குப் பெயர் கிடையாது, எண்தான்.
விடிந்ததும் வேலியோரம் வந்து நிற்பார்கள்:
"தனபாக்கியம், கிணத்துக்குள்ள கப்பல் போச்சு."
"அப்போ இருபத்திரண்டு. எவ்வளவு?"
"பத்து சென்ட்."
தாளில் எழுதினால் போலீசுக்குச் சாட்சி.
தலையில் எழுதினேன்.
நாற்பது வீடு, நாற்பது கனவு, அதனதன் காசு,
மூலையில் சீனக்காரரின் சாம்பல் நிறக் கார் வந்து நிற்கும் வரை.
என் வீட்டுக்காரர் கோயில் கமிட்டி. அவருக்குத் தெரியாது.
அல்லது, பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஷூ எங்கிருந்து வந்தது என்று
ஒருநாளும் கேட்கவில்லை.

நான்காம் வாரம் எட்டு இலக்கம்.
ஒன்பதாம் வாரம் பதினாறு.
நொக்வண்டா தன் தாளை இரண்டு முறை சரிபார்த்தாள்.
"எப்படி, அம்மா?"
"முருகன் அருள்" என்றேன்.
எழுதிக்கொண்டாள்.

பத்தாம் வாரம், "இன்று பின்னாலிருந்து சொல்லுங்கள்" என்றாள்.
சுலபம். எட்டே இலக்கம்.
ஒன்று, நான்கு, இரண்டு, ஏழு, மூன்று, ஒன்று, மூன்று, மூன்று.

கடைசியில் நிற்பவனிடமிருந்து தொடங்க வேண்டும்.
அவன் நின்றான். ஐந்து வயது, சட்டை போடாமல்,
பிரைமஸ் அடுப்புக்கு ஒரு கை தூரத்தில்.
நான் மூலையில் நிற்கிறேன்,
நாற்பது எண்ணில் ஒன்று சிந்தக்கூடாதே என்று
யார் கூப்பிட்டாலும் திரும்பாமல்.

"அம்மா? முதல் எண் மட்டுமாவது?"

ஹாலில் மின்விசிறி சுற்றியது.
நொக்வண்டா பூஜ்யம் போட்டாள், பென்சிலால், லேசாக.
சிங்காரம் பிள்ளை தன் பிஸ்கட் ஒன்றை
என் சாசருக்குத் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்தான்.
"எண் எல்லாம் நிற்கிறதா, அம்மா?"
"நிற்கிறது."
வலது தோளில் அந்தத் தழும்பு எப்படி வந்தது என்பது
அவனுக்கு ஞாபகமில்லை. பிறவியிலேயே என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான்தான் சொன்னேன்.

போனை வைத்தேன். படுத்தேன்.
பதினாறு இலக்கம் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் பிசகவில்லை.
அடுப்பை அணைத்தேனா என்பது மட்டும் தெரியவில்லை.
எழுந்து போய் இருட்டில்
குமிழைத் தொட்டுப் பார்த்தேன்.
பிறகு இன்னொரு முறை.