வராத லாரி

போர்ட் லூயிஸில் நான்காம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் துறைமுகம், மூடினால் ஏ.சி. இரைச்சல்.
இன்னும் பிறக்காத குப்பையை எண்ணுவது
எனக்குச் சம்பளம் தரும் வேலை.

2041 மார்ச்சில் இந்தத் தீவு
எத்தனை டன் எறியும் என்று
இன்று நான்கு மணிக்குள் சொல்லியாக வேண்டும்.
மக்கள்தொகைக்கு ஒரு பத்தி.
வருமானத்துக்கு ஒரு பத்தி.
ஹோட்டல் கட்டில்களுக்குத் தனிப் பத்தி,
விடுமுறைக்கு வந்த கை
வீட்டில் இருப்பதைவிடத் தாராளமாய் எறியும்.
புயலுக்குப் பத்தி கிடையாது.
ஓர் இரவில் மெத்தையும் தகரமும் மாமரமுமாய்
ஒரு பருவத்துக் குப்பையை
முன்பணமாய்க் கொட்டிவிட்டுப் போய்விடும் அது.
அடிக்குறிப்பில் வைத்தேன். சிறிய எழுத்தில்.

கோடு ஏறுகிறது.
நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து
அது இறங்கிப் பார்த்ததில்லை.

எண்களின் ஊற்றைப் பார்க்க ஒருநாள் தெற்கே போனேன்.
கரும்பு முடிந்த இடத்தில் கிடங்கு.
அதன் வாசலில் எடைமேடை,
எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு கூண்டு,
கூண்டுக்குள் தேவேன் ஆர்மூகம்.
உள்ளே போகும்போது லாரியை நிறுத்தி நிறுப்பார்,
வெளியே வரும்போதும் நிறுப்பார்.
கழித்தால் வருவது நாம்.

அவருடைய நோட்டில் புதன்கிழமைதோறும் ஒரு வரி காலி.
பேனா வறண்டதா என்று கேட்டேன்.
"பஸார் லாரி, மேடம். பத்து நாற்பதுக்கு வரும்.
அதன் ஹாரன் கேட்டுத்தான் டீ ஊற்றுவேன்.
மரி-நோயல் என்றொரு பெண்
காய்கறித் தோலையெல்லாம் உரமாக்கத் தொடங்கியதிலிருந்து
பான் வினி."
கிரியோலில் சொன்னார். வரவில்லை என்று பொருள்.
பிறகு, கொஞ்சம் தயங்கி,
"வராத லாரியை எந்தப் பத்தியில் எழுதுவது?"

நான் பட்டப்படிப்பு படித்தவள்.
எனக்குப் பதில் தெரியவில்லை.

திரும்பி வந்து கணக்குப் போட்டேன்.
அழுகாத தக்காளியிலிருந்து எழாத வாயு,
மண்ணுக்குள் இறங்காத கறுப்பு நீர்,
மலையேறாத டீசல்.
ஒவ்வொன்றுக்கும் சூத்திரம் இருக்கிறது,
ஒவ்வொரு விடைக்கு முன்னும் ஒரு கழித்தல் குறி.
மேலாளர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்:
"நடக்காததற்கு ரசீது இருக்கா?"

ரசீது இருந்தது, என் கைப்பையில்.
ரோஸ் ஹில்லில் இஸ்மாயில் எழுதிக் கொடுத்தது:
பெல்ட் ஒன்று, பேரிங் இரண்டு, கூலி.
என் வாஷிங் மெஷினின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு
"இன்னும் எட்டு வருஷம் ஓடும்" என்றார் மனிதர்.
மக்கள்தொகையும் வேண்டாம், வருமானமும் வேண்டாம்,
காது போதும் அவருக்கு.
அந்தச் சொல்லை நம்பி என் அட்டவணையிலிருந்து
அறுபத்தெட்டு கிலோவை எட்டு வருஷம் தள்ளிவைத்தேன்.
தீவின் கணக்கில் அது ஒரு தும்மல்கூட இல்லை.
கோடு அசையவில்லை.
எனக்கு மட்டும் ஏனோ சிரிப்பு வந்தது.

அன்று மாலை கோட்டுக்குக் கீழே
இன்னொன்று வரைந்தேன், புள்ளிப் புள்ளியாய்.
2030 வரை இரண்டும் ஒட்டியே போகின்றன,
விவாகரத்துக்கு முன் வீட்டில் பேசிக்கொள்வதுபோல.
அப்புறம் பிரிகின்றன.
இடையில் விரியும் வெள்ளைக்கு
என்ன பெயர் வைப்பதென்று ஒரு மணி நேரம் யோசித்தேன்.
"தவிர்க்கப்பட்டவை" என்று தட்டினேன். அழித்தேன்.
அந்த வெள்ளையில்
காற்று இருக்கிறது, கரும்பு இருக்கிறது,
கிடங்கை ஒட்டிய வீடுகளில்
நாற்றத்துக்காகச் சாத்தாத ஜன்னல் இருக்கிறது.
இதெல்லாம் ஒரு கட்டத்துக்குள் அடங்காது.

கீழ்க்கோடு நடந்தால்
மேல்கோடு தப்பாகும்.
ஊரறியத் தப்பாகும், என் கையெழுத்தோடு.
ஆகட்டும்.

நான்கு மணிக்கு அறிக்கையை அனுப்பினேன்.
பெயரில்லாமலே போனது வெள்ளை.

இப்போது புதன்தோறும்
ஒரு குறுஞ்செய்தி வருகிறது.
நான் கேட்டதில்லை, அவராக அனுப்புவது.
இன்றைக்கும் வந்தது, டீயைக் கையில் எடுத்த நேரம்:

10:40. பான் வினி.