குடும்பப் பெயர்

அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாதாம்.
சிவப்பில் ஒரு நட்சத்திரம் மினுக்குகிறது.
எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை தம்பி,
முன்னால் ஒரு எழுத்து, ஒரு புள்ளி, அவ்வளவுதான்.
"அப்போ அந்தப் புள்ளிய விரிங்கக்கா"
என்கிறான் மண்ணடி டிராவல்ஸ் பையன்,
என் பாஸ்போர்ட் மேல் வைத்த டீ கிளாஸை
அவசரமாக எடுத்துக்கொண்டே.

விரித்தேன்.
தெ. என்றால் தெய்வசிகாமணி.
துறைமுகத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டியவர்.
நெல்லூருக்கு ஒரு லோடு, ரெண்டே நாள் என்று
கிளம்பியபோது எனக்கு ஒன்பது வயது.

தந்தை: உயிருடன் / காலமானார்.
"ரெண்டுல ஒண்ணு போட்டாத்தான் அடுத்த பக்கம் போவும்."
அம்மா இன்னும் பொட்டு வைக்கிறாள்.
உயிருடன் என்று போட்டேன்.

நோக்கம்: வணிகம். தங்கும் நாட்கள்: ஐந்து.
எம்.சி. ரோட்டுக்குப் பின்சந்தில் எட்டு மிஷின் எனக்கு.
நைட்டிக்குக் கழுத்துப் பூ வெளியே கொடுத்து வாங்குகிறேன்,
பூவுக்குப் பதினாறு ரூபாய்.
குவாங்சோவில் ஓர் இயந்திரம்
ஒரே நேரத்தில் இருபது கழுத்தில் பூப்போடுமாம்.
தொட்டுப் பார்க்காமல் நைட்டியையே எவளும் வாங்குவதில்லை,
இயந்திரத்தை எப்படி வாங்குவது?
இதை எழுதக் கட்டத்தில் இடமில்லை.

வங்கி இருப்பு ஆறு லட்சம்.
மாமன் மகன் குலசேகரனின் சீட்டுப்பணம்
மூன்று மாதம் என் கணக்கில் தங்க வந்திருக்கிறது.
அதுவும் விசிட்டர்தான்.
வேலை ஒன்றும் செய்யக்கூடாது, பார்த்துவிட்டுப் போகவேண்டும்,
நூற்றுக்கு ரெண்டு வீதம் சாப்பிட்டுக்கொண்டு.

திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஆதாரம்.
ஜி.எஸ்.டி. வைத்தேன், கரண்ட் பில் வைத்தேன்,
மிஷின் தவணைச் சீட்டு வைத்தேன்.
சனிக்கிழமை சாயங்காலம் கூலிக்கு உட்கார்ந்திருக்கும்
ஏழு பொம்பளைகளை ஜெராக்ஸ் எடுக்க முடியாது.

எங்கள் பக்கம் யாரும் போறேன் என்று சொல்வதில்லை.
அவரும் சொல்லவில்லை.
துண்டை உதறித் தோளில் போட்டு
வரேன் என்றுதான் சொன்னார்.
கையெழுத்து வாங்கிக்கொள்ள அம்மாவுக்குத் தோன்றவில்லை.

விசா மையத்தில் பதினொன்றே காலுக்கு
மைக்கில் ஒரு பெண் கூப்பிட்டாள்:
டெய்வாசிகாமனி.
யாரும் எழவில்லை.
டெய்வாசிகாமனி, கவுண்டர் நாலு.
நான் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.
செக்யூரிட்டி ஒரு ஆளின் பையைத் துழாவிக்கொண்டிருந்தார்.
முப்பத்திரண்டு வருடத்தில்
அந்தப் பெயரை யாரும் அவ்வளவு உரக்கச் சொன்னதில்லை.
மூன்றாவது தடவைதான் உறைத்தது
என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று.

நாலு விரலை ஒன்றாக வைக்கச் சொன்னாள்.
ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிய தழும்பு;
துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள்.

பேசின் பிரிட்ஜில் பஸ் அரை மணி நேரம் நின்றது.
வீட்டில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.
இன்னாடி கேட்டாங்க?
எத்தினி நாள்னு கேட்டாங்க.
நீ இன்னா சொன்ன?
அஞ்சு.
தோலைத் தட்டில் ஒதுக்கிவிட்டு,
ரெண்டுன்னு சொல்லலியே, என்றாள்.