ஐந்தே காலுக்கு ஒரு ஸ்கூட்டர்

உதைத்தால் பிடிக்கிறது.
பிடித்து, இரண்டு இருமல் இருமி,
செத்துப் போகிறது.
தூத்தூரில் இன்னும் வெளுக்கவில்லை.
நித்திரவிளை லேபில் ஆறு மணிக்குச்
சர்க்கரைக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்,
கட்டன்சாயாகூடக் குடிக்காமல்,
என் ஊசிக்காக.

கிளீட்டஸ் கொச்சிக்கு வெளியே எங்கோ,
விசைப்படகில் டிரைவர்.
கரைப்பக்கம் ஒதுங்கினால்தான் ரேஞ்ச்.
இன்றைக்கு அகப்பட்டான்.
"போன சைலன்சர் பக்கத்தில பிடி, பிலோமி. இனி உதை."
உதைத்தேன்.
நாலு ஆள் குறட்டைக்கு நடுவே கேட்டுவிட்டுச் சொன்னான்:
"கார்புரேட்டர்தான். நீ ஒண்ணும் கழத்தாத.
சிங்கராஜன வரச்சொல்லு."
சிங்கராஜன் கடை திறப்பது ஒன்பதரைக்கு.
அதைச் சொல்வதற்குள் அறுந்துவிட்டது.

சத்தத்தை வைத்துச் சொல்பவனை நான் நம்புவதில்லை.
முகத்தைப் பார்த்தே மஞ்சள்காமாலை என்பவர்களைத்
தினமும் பார்க்கிறேன்.
சாம்பிள் எடு. பார். பிறகு பேசு.

பிளக்கைக் கழற்றினேன்.
கறுப்பு. ஈரம். நாற்றம்.
அப்படியானால் பெட்ரோல் வருகிறது,
வேண்டியதற்கு மேலேயே வருகிறது.
துடைத்து, எஞ்சினில் முட்டவைத்து,
விளக்கை அணைத்துவிட்டு
அனிலாவை உதைக்கச் சொன்னேன்.
பள்ளிக்கூடத்துக்கே எழும்பாதவள்
பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உதைத்தாள்.
டிக். டிக்.
நல்ல நீலம்.
மிச்சம் காற்று ஒன்றுதான்.

இருபத்துநாலு மணிநேரமும்
கடல் ஓட்டைப் பிய்க்கிற ஊரில்
ஒரு வண்டிக்குக் காற்று கிடைக்கவில்லை.

ஏர் பில்டர் மூடியில் ஆறு ஸ்குரூ.
நாலு வந்தது. இரண்டை உப்பு தின்றிருந்தது.
தேங்காயெண்ணெய் விட்டேன்.
சுத்தியலால் பைய ஒரு தட்டு,
யேசுவே என்று ஒரு திருப்பு.
ஒன்று வந்தது.
மற்றதன் தலை உடைந்தது, போகட்டும்.

திறந்தால்
எலி.
தாயைக் காணோம். நாலு குஞ்சு,
கண் திறக்காதது,
உரித்த இறால் நிறம்.
பில்டரில் பாதியைக் கடித்துப் பஞ்சாக்கி,
அவன் வலை பொத்துகிற பச்சை நைலான் நூலைப் பின்னி,
நடுவில் மெத்தைக்கு ஒரு தாள்:
இலவச சர்வீஸ் கூப்பன், மூன்றாவது.
ஒரு வருஷம் தேடியிருக்கிறேன் அதை.

"கொல்லாத அம்மா" என்றாள் அனிலா.
"வாளியில முக்கு" என்றாள்
மதிலுக்கு மேலே தலை மட்டுமாக வியாகுலம் மாமி.
மணி ஐந்து நாற்பது.
கூட்டை அப்படியே அள்ளிக்
கதவுக்குப் பின்னால் நின்ற
அவனுடைய ரப்பர் பூட்ஸுக்குள் இறக்கினேன்.
இடது கால்.

பில்டர் இல்லாமல் ஓட்டினால்
இந்த ஊர் மணல் எஞ்சினை அரைத்துவிடும்.
பையில் கிடந்த காஸ் துணியை நாலாய் மடித்து
அதே பச்சை நூலால் வாயைக் கட்டினேன்.
ஒரே உதை.

ஆறு ஐந்துக்கு முதல் கை நீண்டது.
"லேட்டு" என்றார் கைக்குச் சொந்தக்காரர்.
என் நகக்கண்ணில் கறுப்பு;
மூன்று முறை சோப்புப் போட்டும் போகாததால்
கையுறைக்குள் ஒளித்தேன்.
நரம்பு தட்டுப்படவில்லை. தட்டிப் பார்த்தேன், வந்தது.

எட்டு மணிக்குப் போன் துடித்தது:
கார்புரேட்டர்தானே?
இல்ல, காத்து, என்று எழுதினேன்.
பூட்ஸைப் பற்றி எழுதவில்லை.

சாயங்காலம் கொல்லங்கோட்டில் பில்டர் வாங்க வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை அவன் கரை சேர்வான்.
எலிக்குஞ்சுக்கு எத்தனை நாளில்
கண் திறக்கும் என்று
யாரிடமாவது கேட்க வேண்டும்.