பொருள் எண் பதினேழு

த்ரியெஸ்தே நீதிமன்றத்தின் மூன்றாம் மாடி.
போரா காற்று சன்னல்களை உலுக்கிய வெள்ளிக்கிழமை
காகித உறையிலிருந்து அதை எடுத்தேன்.
வீடு, கார், படகில் பாதி,
யாருக்கும் வேண்டாத இரண்டு நாற்காலிகள்
எல்லாம் பிரித்தாகிவிட்டது.
மிச்சம் இந்தக் கைக்கடிகாரம்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் செய்தது.

'முதலீடு' என்றார் லிவியோ கோசுத்தா,
மனைவியைப் பார்க்காமல், என்னைப் பார்த்து.
பதினான்கு வருடம் முன் பதினோராயிரம் யூரோ.
இன்று இருபத்தாறு என்கிறார்களாம்.

தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டேன்.
வங்கிப் பெட்டகத்துக்கு வாடகை.
திருட்டுப் போகாததற்குக் காப்பீடு.
ஓடவே ஓடாத ஒன்றுக்கு
இரண்டு முறை எண்ணெய் போட்ட கூலி.
விற்றுத் தருகிறவன் எடுத்துக்கொள்ளும்
ஐந்தில் ஒரு பங்கு.
கழித்தால் வருடத்துக்கு இரண்டரை வட்டி தேறவில்லை.
அஞ்சலகப் பத்திரமும் இதைத்தான் தந்திருக்கும்,
ஆனால் விருந்தில் அதைப் பற்றிப் பேச முடியாது.

இந்தச் சந்தையின் ருசி விசித்திரமானது.
வெயில் குடித்துக் குடித்து
தேன் நிறமாகிப்போன முகத்துக்குக் கூடுதல் விலை.
விளிம்பில் ஒரு பள்ளம், எந்த மாலுமி எந்தக் கதவில் இடித்ததோ,
அதைத் தேய்த்துவிடக் கூடாது, தேய்த்தால் விலை சரியும்.
அடுத்தவன் வாழ்ந்த கீறலுக்குக் காசு.
நீ வாழ்ந்த கீறலுக்கு அபராதம்.
அதனால் லிவியோ
ஒரு நாள்கூட அதைக் கட்டியதில்லை.

அந்தக் காலத்தில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசினார்கள்.
கதிர் எண்ணும் கருவியை முகத்தருகே கொண்டுபோனேன்.
எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி வெடித்தது.
முட்களைக் கழற்றித் தள்ளி வைத்து
அவற்றின் மேல் பிடித்தேன்.
சத்தமே இல்லை.
இன்னொரு முறை பிடித்தேன்.

'புது முட்கள், பழைய நிறம் பூசியிருக்கிறது' என்றேன்.
'இருபத்தாறு, பன்னிரண்டாகும்.'
லிவியோ எழுந்து நின்றார், உட்கார்ந்தார்,
விற்றவனின் ஏழு தலைமுறையையும் திட்டினார்.
வழக்கறிஞர்கள் எதையோ குறித்துக்கொண்டார்கள்.

நடைக்கூடத்துக் காப்பி இயந்திரத்தருகே
ஒந்தினா என்னிடம் சில்லறை கேட்டாள்.
கோப்பை நிரம்பும்வரை பேசாமல் நின்றாள்.
பிறகு,
'மூன்று வருடம் முன்பு ஜூலையில்
பெட்டகத்தைத் திறந்து எடுத்தேன்.
பார்கோலாவில் அதைக் கட்டிக்கொண்டே கடலில் குதித்தேன்.
உள்ளே தண்ணீர் போனது. முள் துருப்பிடித்தது.
ரயில் நிலையத்தின் பின்னால் ஒருவன்
நாற்பது யூரோவுக்கு வேறு மாட்டிக் கொடுத்தான்.'
'ஏன் எடுத்தீர்கள்?'
'மணி தெரிய வேண்டியிருந்தது' என்றாள்.
அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.
காப்பி சூடாக இருந்தது, ஊதிக் குடித்தாள்.

பதினான்காயிரம் யூரோ.
நான்கு மணிவரை நீந்தியதாகச் சொன்னாள்.
மணிக்கு எவ்வளவு ஆகிறது என்று
மனம் தானாக வகுத்துப் பார்த்தது,
தொழில் புத்தி.
அதிகம் என்று எனக்குப் படவில்லை.
ஆனால் அப்படி எழுத படிவத்தில் இடமில்லை.
'முட்கள் மாற்றப்பட்ட காரணம்' என்ற கட்டத்தில்
'அறியப்படவில்லை' என்று எழுதினேன்.
இருபது வருடத்தில் முதல் முறை.

மறுபடி முட்களைப் பொருத்தி
ஓடுகிறதா என்று பார்க்க முழுச் சாவி கொடுத்திருந்தேன்.
அந்த ஓட்டத்தோடேயே உறையிலிட்டு, அரக்கு வைத்து,
இரும்பு அலமாரியில் பூட்டியாயிற்று.
முப்பத்தாறு மணி நேரம் தாங்கும்.
ஞாயிறு விடியற்காலை, எனக்கு விழிப்பு வந்தது.
வெளியே காற்று அடங்கியிருந்தது.
இன்னும் கொஞ்சம் ஓடும் என்று
படுத்தபடியே எண்ணிக்கொண்டிருந்தேன்.