இரும்பு முளை

மார்ச்சில் நகராட்சியிலிருந்து வரைபடம் வந்தது.
வெர்னா நிக்கிளின் சமையலறைக்குள் புகுந்த சிவப்புக் கோடு
அடுப்பைக் கடல் பக்கமும்
குளிர்பெட்டியைச் சாலைப் பக்கமும் பிரித்துப் போட்டிருந்தது.
"அப்படியானால் இனி பச்சையாகத் தின்ன வேண்டியதுதான்" என்றாள்.
அதுதான் நாங்கள் கடைசியாகச் சிரித்தது
என்று எழுதினால் எடுப்பாக இருக்கும்.
உண்மையில் அந்த வருடம் நிறையவே சிரித்தோம்.

கோட்டுக்கு அப்பால் புதிதாகக் கட்டக் கூடாது.
இருப்பதை நீட்டக் கூடாது.
புயலில் பாதிக்கு மேல் விழுந்தால்
மறுபடி எழுப்பக் கூடாது.
தீயணைப்பு நிலையக் கூடத்தில்
மடக்கு நாற்காலிகளில் நாற்பத்தொரு பேர்,
ஈரக் கம்பளி வாடை.
நான்தான் வாசித்தேன், நான்தான் செயலாளர்,
கையெழுத்து அழகாம்.

"கோடு போட்டவனுக்கு ஹாலிஃபாக்ஸில் ஆறாவது மாடி,
அலை லிஃப்டில் ஏறியா வரும்?" என்றான் ஆல்டன் கார்க்கம்.
முப்பத்தேழு வருடம் சிங்கிறால் கூண்டு இழுத்து
தோள் ஒன்று இறங்கிப்போனவன்.
அவனுக்கு ஓய்வூதியம் என்று ஒன்று உண்டென்றால்
அது அந்த நிலம்.
பாதியை விற்றுப் பாதியில் மகள் கட்டுவதாக இருந்தது.
கோடு வந்த மறுவாரம்
வாங்குவதாகச் சொன்னவர் போனை எடுக்கவில்லை.
அதற்கடுத்த வாரம் காப்பீட்டுக்காரரும்.

ஆத்திரம் வழக்கில் நிற்காது, அளவு கொண்டு வாருங்கள்
என்றார் வழக்கறிஞர்.
ஆல்டனிடம் அவன் தாத்தா காலத்துப் பத்திரம் இருந்தது:
சாலையோரக் கற்குவியலில் தொடங்கி
நேர்தெற்கே இருநூற்றுப் பன்னிரண்டு அடி சென்று
கரைப்புல்லில் அடித்த இரும்பு முளை வரைக்கும்.

நவம்பரில், வற்றம் பார்த்து இறங்கினோம்.
கற்குவியலில் நாடாவின் நுனியை மிதித்துக்கொண்டு வெர்னா.
ஆல்டன் நடக்க, பின்னால் நான் எண்களைப் படித்துக்கொண்டு.
நூறில் ஆப்பிள் மரம்.
நூற்று நாற்பதில் கழிவுத் தொட்டியின் மூடி.
நூற்று எழுபத்தொன்றில்
புல் முடிந்தது.

நாடா காற்றில் விண்ணென்று துடித்தது.
அவன் நிற்கவில்லை.
கரைவிளிம்பில் உட்கார்ந்து, சறுக்கி,
பாசி படர்ந்த கற்பலகை மேல் கைகளை விரித்துப் போனான்,
இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவன் போல.
இருநூற்றுப் பன்னிரண்டில் குனிந்து
கடற்களையை விலக்கினான்.

இருந்தது.
பாறையில் துளையிட்டு இறக்கிய முளை,
நட்ட நாளிலிருந்து முளைக்காத முளை,
இப்போது முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது.
துருவில் ஒரு வளையம்.
மண் அதுவரை இருந்திருக்கிறது.

பத்திரத்தில் ஓர் அங்குலம் பிசகில்லை.
"இதுவும் என்னுடையதுதான்" என்றான்,
பூட்ஸுக்கு மேல் தண்ணீர் ஏற ஏற,
யாரிடமும் இல்லை.

மேலே சாலையிலிருந்து வெர்னா கத்தினாள்:
எவ்வளவு?

என்னிடம் இரண்டு எண்கள் இருந்தன.
இரண்டும் நிஜம்.
ஆல்டன் என்னைப் பார்க்கவில்லை,
முளையைப் பிடித்துக்கொண்டு நின்றான்,
ஆடுகிற படகின் கம்பியைப் பிடிப்பதுபோல.
இருநூற்றுப் பன்னிரண்டு! என்றேன்.
அவள் கைதட்டினாள்.
கம்பளிக் கையுறை, சத்தம் கேட்கவில்லை.

அன்றிரவு பிரமாண வாக்குமூலத்தில் எழுதினேன்:
பத்திரத்தில் கண்ட இடத்திலேயே முளை உள்ளது.
நாற்பத்தொரு பேரும் அடியில் ஒப்பமிட்டார்கள்.
ஆல்டனின் ஒப்பம் மட்டும்
தாளை ஓரிடத்தில் கிழித்திருக்கிறது.

என் வீடு அவனுக்குக் கிழக்கே மூன்றாவது.
பத்திரம் மேசை இழுப்பறையில், ரப்பர் வளையம் போட்டு.
நாடாவை வைத்துக்கொள் என்றான்.
வேண்டாமென்று
அன்றைக்கே கொடுத்துவிட்டு வந்தேன்.