திரும்பி வராத கொட்டை

டிசம்பரில் ஃபெஸ் நகரத்துச் செக்குகள்
இரவிலும் ஓயாது.
ஆலிவ் எண்ணெய் சமையலறைக்குப் போகும்.
பிழிந்து துப்பிய கொட்டை
பூஷ்தாவின் கழுதை மேல் ஏறி
ஹம்மாம் உலைக்குப் போகும்.
நகரத்தின் பாதி முதுகுகள்
அந்தச் சூட்டில்தான் அழுக்கு உதிர்க்கின்றன.

நான்கு மூட்டை கேட்டேன்.
எதற்கு?
தண்ணீர் கழுவ.
"தண்ணீரையேவா, கிஸ்லான்?"
சிரித்ததில் உடைந்த முன்பல் தெரிந்தது.
மூட்டைக்கு ஒரு திர்ஹம் குறைத்தார்.

அலசி, உலர்த்தி, இடித்து, சலித்து,
காற்றுப் புகாத அடுப்பில் கரியாக்கி
ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் அடைத்தேன்.
தோல் பதனிடும் பட்டறையிலிருந்து
அல்லால் ஒரு வாளி கொண்டுவந்தான்.
மயில்கழுத்து நிறம்.
அழகாக இருந்ததுதான் எரிச்சல்.
செபூ ஆற்றங்கரையில்
கொத்தமல்லி போடுகிறவர்கள்
இந்த அழகைத்தான் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள்.

சொட்டு.
சொட்டு.
முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை.
நீரின் புளிப்பைக் கூட்டி, குறைத்து, மறுபடி கூட்டி
ஒன்பதாம் நாள்
குடுவைக்கு அந்தப் பக்கம்
என் விரல்ரேகை தெரிந்தது.
கருவி காட்டிய எண்ணை
மூன்று தரம் எழுதினேன், நம்பாமல்.
அல்லால் மோந்து பார்த்தான்:
"நாற்றம் அப்படியே இருக்கிறதே."
இருந்தது.

வியாழக்கிழமை பூஷ்தா வந்தார்,
வேலை முடிந்த கொட்டையைத் திருப்பிக் கேட்டு.
"கரியாகவே ஆக்கி வைத்திருக்கிறாய்,
இன்னும் நன்றாக எரியுமே!"
வாசலில் கழுதை காதாட்டியது.

தர முடியாது என்றேன்.
நீரிலிருந்து போன குரோமியம்
எங்கும் போகவில்லை.
இந்த மூட்டைக்குள்
கண்ணுக்குத் தெரியாத துளைகளில்
குடியிருக்கிறது.
எரித்தால் இதைவிடக் கொடியதாக மாறி
புகையோடு கூரை ஏறும்,
சாம்பலோடு உன் நகக்கண்ணில் இறங்கும்.

அவர் மூட்டையைப் பார்த்தார்,
பிறகு தன் கைகளை.
"அப்போ இதை என்னதான் செய்வாய்?"

மாடிப்படிக்கு அடியில்
பதினோரு மூட்டை இப்போது.
மண்டையோடு வரைந்த தாள் ஒட்டியிருக்கிறேன்.
காவலாளிக்குப் பிடிக்கவில்லை,
மதியத் தூக்கம் போட அதுதான் அவர் இடம்.
அமிலத்தில் ஊறப்போட்டால்
பிடித்ததில் முக்கால்வாசியைக் கக்கும்;
அதைத் தோல் தொட்டிக்கே திருப்பலாம்.
முதலாளி யோசிக்கிறாராம்.
ரமலானிலிருந்து யோசிக்கிறார்.

நேற்று அடுத்த சுமை வந்தது.
பூஷ்தா இம்முறை
மூட்டைக்கு இரண்டு திர்ஹம் கூட்டிச் சொன்னார்.
ஏனென்று கேட்டேன்.
"திரும்பி வராத கொட்டைக்கு
அதுதான் விலை."

பேரம் பேசவில்லை.